மேகத்தின் மேல் பழி

உலகத்தில் ஒரு காரியம் கெட்டுப் போனால் பழியைச் சுமக்க யாராவது ஒருவர் வேண்டும். தயிர் உறையவில்லையா? மார்கழிக் குளிர். பாகவதருக்குச் சாரீரம் ஒத்துழைக்கவில்லையா? நேற்றுப் பெய்த மழை. பையன் பரீட்சையில் கோட்டை விட்டானா? பங்குனி வெயில். வானிலையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. அது பதில் பேசாது, வக்கீல் வைத்துக்கொள்ளாது, மறுநாள் காலையில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து நியாயம் கேட்காது.

இந்தச் சௌகரியத்தைப் பூரணமாக அனுபவித்தவர்கள் என்று ஒரு கூட்டத்தாரைச் சொல்ல வேண்டுமானால், அமெச்சூர் ரேடியோக்காரர்களைத்தான் சொல்ல வேண்டும். சம்பளத்துக்காக அல்லாமல், சொந்தப் பணத்தைச் செலவழித்து, சர்க்காரிடம் லைசென்ஸும் ஓர் அழைப்புக் குறியும் வாங்கிக்கொண்டு, மாடியறையில் கருவிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஊரிலுள்ள முகம் தெரியாத மனிதருடன் பேசுகிறவர்கள் இவர்கள். பேசும் விஷயம் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் "நான் பேசுவது உமக்குக் கேட்கிறதா?" என்பதுதான். கேட்டது என்று பதில் வந்தால் பரமானந்தம். பதில் வராவிட்டால்? அங்கேதான் கொள்கைகள் பிறக்கின்றன.

அந்தக் கொள்கைகளின் ஜாதி எப்படிப்பட்டது என்பதைக் காட்ட நானே சிலவற்றை இயற்றித் தருகிறேன். மழைக் காலத்தில் ரேடியோ அலை நனைந்து கனத்துப் போகிறது. ஆகையால் பாதி வழியில் கீழே விழுந்து விடுகிறது. கோடையில் எல்லாப் பொருளும் விரிவடையும் அல்லவா? மோர்ஸ் தந்தியின் புள்ளிகளும் வெயிலில் விரிந்து கோடுகளாகி விடுகின்றன. அதனால்தான் எதிராளிக்கு ஒன்றும் புரிவதில்லை. பனிக் காலத்தில் கோடுகள் சுருங்கிப் புள்ளிகளாகின்றன. பலமான எதிர்க்காற்றில் புள்ளிகள் லேசானவையாதலால் முதலில் பறந்து போகும். கோடுகள் மாத்திரம் போய்ச் சேரும். இவற்றை மறுக்க வேண்டுமானால் கொஞ்சம் பௌதிகம் படித்திருக்க வேண்டும். ஆனால் நள்ளிரவு வரை கண் விழித்துக் கத்திப் பார்த்தும் ஒரு ஜீவனும் பதில் சொல்லாத ஆசாமிக்கு இவை எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை உணர ஒரு படிப்பும் வேண்டியதில்லை.

அமெச்சூர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ரேடியோவின் பிதாக்களில் ஒருவரான மார்க்கோனியே வானிலையோடு மல்லுக் கட்டித்தான் புகழ் பெற்றார். 1901 டிசம்பரில் அவர் நியூபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் நகரத்துக் குன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள போல்டு என்ற இடத்திலிருந்து அவருடைய ஆட்கள் 'எஸ்' என்ற எழுத்தை, அதாவது மூன்று புள்ளிகளை, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. ஏரியல் கம்பியை ஆகாயத்தில் தூக்கிப் பிடிக்க முதலில் ஒரு பலூன் விட்டார்கள். காற்று அதை அறுத்துக்கொண்டு போயிற்று. பிறகு ஒரு காற்றாடி விட்டார்கள், அதுவும் போயிற்று. இன்னொரு காற்றாடி எப்படியோ நின்றது. அது ஏறி இறங்க, கம்பியும் ஏறி இறங்க, 12-ந் தேதி மதியம் அந்த மூன்று புள்ளிகள் காதில் விழுந்ததாக மார்க்கோனி அறிவித்தார். காற்று ரேடியோவைப் பாதிக்கிறது என்ற கொள்கைக்கு இதைவிட நேரான சாட்சியம் கிடையாது!

இரண்டு மாதம் கழித்து, 1902 பிப்ரவரியில், 'பிலடெல்பியா' என்ற கப்பலில் அமெரிக்காவுக்குப் போகும்போது அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். பகலில் 700 மைலுக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. இரவிலோ, 2,000 மைலுக்கு மேல் போன பிறகும் அந்த 'எஸ்' கேட்டுக்கொண்டிருந்தது. ஏன் இப்படி? சூரிய வெளிச்சம் பட்டதும், அனுப்புகிற இடத்திலுள்ள ஏரியல் கம்பியிலிருந்து மின்சாரம் கசிந்து விடுகிறது போலும் என்று மார்க்கோனி விளக்கம் சொன்னார். விளக்கம் தப்பு. ஒரு மாடியறை அமெச்சூர் இதைச் சொல்லியிருந்தால் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மார்க்கோனி சொன்னதால் சங்கத்துச் சஞ்சிகையில் கட்டுரையாக அச்சிட்டார்கள். கொள்கைக்கும் தமாஷுக்கும் உள்ள தூரம் சில சமயம் சொல்கிறவருடைய அந்தஸ்துதான்.

அதே 1902-ல் சரியான விடையையும் இருவர் தனித் தனியாகச் சொன்னார்கள். ஒருவர் கென்னலி, நம் பம்பாய்க் கொலாபாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். இன்னொருவர் ஹெவிசைடு; கல்லூரி வாசலை மிதிக்காத இங்கிலீஷ்காரர், காது மந்தம், தந்தி ஆபீஸில் வேலை பார்த்து விட்டுவிட்டவர். மழையும் மேகமும் எட்டாத உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தக் கூடிய ஒரு தளம் இருக்க வேண்டும்; ரேடியோ அலை அதில் பட்டுத் திரும்பிப் பூமியின் வளைவைத் தாண்டுகிறது என்றார்கள். மேலே போய்ப் பார்க்க யாராலும் முடியவில்லை. ஆகையால் அந்தக் கொள்கை சுமார் இருபது வருஷம் கல்யாணமாகாத பெண்ணைப் போல் வீட்டிலேயே இருந்தது.

இதற்கிடையில் அமெச்சூர்கள் தலையில் ஓர் இடி விழுந்தது. ஆகாயத்தில் இவர்கள் போடுகிற சத்தத்தில் கப்பல்களும் கடற்படையும் பேச முடியவில்லை என்று புகார் கிளம்பி, 1912-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகும் என்பது அக்காலத்து நிபுணர்களின் வேதவாக்கு. ஆகவே நீள அலைகளை எல்லாம் சர்க்காரும் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டு, "200 மீட்டருக்கு மேற்படாத அலைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அமெச்சூர்களிடம் தள்ளினார்கள். பாகப் பிரிவினையில் கடைசித் தம்பிக்குக் களர் நிலத்தை ஒதுக்குகிற கதைதான். ஒன்றும் விளையாது, தானாகவே ஊரை விட்டுப் போய் விடுவான் என்பது எண்ணம்.

தம்பி போகவில்லை. ஹார்ட்போர்டு என்ற ஊரில் ஹைரம் பெர்சி மாக்ஸிம் என்பவர் இருந்தார். இவருடைய தகப்பனார் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். பிள்ளை, துப்பாக்கியின் ஓசையை அடக்கும் குழாயைக் கண்டுபிடித்தவர். தகப்பன் எழுப்பிய சத்தத்தைப் பிள்ளை அடக்கினார் என்று புராணிகர்கள் இங்கே நிறுத்தி விளக்கம் சொல்லலாம். ஆனால் ஓசையடக்கிய இதே மனிதர்தான் உலகத்தின் ஓயாத இரைச்சல்களில் ஒன்றுக்குச் சங்கம் வைத்தார்! 1914-ல் சுமார் 30 மைல் தூரத்திலிருந்த ஸ்பிரிங்பீல்டு நகரத்துடன் பேச முடியாமல், நடு வழியிலிருந்த இன்னொரு அமெச்சூரைக் கொண்டு செய்தியைக் கைமாற்றி அனுப்பினார். அதிலிருந்து பிறந்தது, அமெரிக்க ரேடியோ அஞ்சல் சங்கம். ஒருவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி, இப்படிக் கண்டம் முழுவதும் செய்தி ஓட வேண்டும் என்பது நோக்கம். 1915 டிசம்பரில் 'கியூ.எஸ்.டி.' என்ற பத்திரிகையும் வந்தது.

அந்தப் பத்திரிகையில் 'கிழவர்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுத ஆரம்பித்தார். எதைப் பார்த்தாலும் எரிச்சல். இரைச்சல் அழுகல், இடையூறு அழுகல், ஆகாயத்தில் நடக்கும் சகலமும் அழுகல் என்று தலைப்பிலேயே திட்டுவார். ஒழுங்கு தவறிய ரேடியோக்காரர்களைத் தண்டிக்க 'ஊஃப்ஹாங்' என்று ஒரு பயங்கர ஆயுதம் இருப்பதாகச் சொல்வார். அது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டார். கடைசியில் இரண்டு மரத் துண்டுகளைக் கம்பியால் கட்டிய ஒரு வஸ்து, அதுதான் ஊஃப்ஹாங் என்ற அறிவிப்போடு, சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. சங்கத்தார் அதைப் பயபக்தியுடன் தலைமை ஆபீஸில் வைத்துப் பாதுகாத்தார்கள். கிழவர் யார் என்று வருஷக் கணக்கில் ஊகித்தார்கள். 1936-ல் மாக்ஸிம் காலமான பிறகுதான், சங்கத் தலைவரே அந்தக் கிழவர் என்ற உண்மை வெளியாயிற்று.

இந்தச் சிரிப்பை நான் சாதாரணமாக எண்ணவில்லை. தலைவரே கிழவர் வேஷம் போட்டுக்கொண்டு தன் கூட்டத்தைக் கேலி செய்கிற இடத்தில், யாரும் தன் கொள்கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட முடியாது. மழையால் கெட்டது, நிலவால் கெட்டது என்று எதையும் சொல்லலாம்; மறுவாரம் மழையிலும் நன்றாகக் கேட்டால், சொன்னவரே சிரித்துக்கொண்டு அதைக் குப்பையில் போடலாம். மானம் போகாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் தமாஷ் கிடையாது. எந்த நாள், எத்தனை மணி, யாரைக் கேட்டேன், எவ்வளவு பலமாகக் கேட்டேன் என்று எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகம். வாயில் பொய்க் கொள்கை, கையில் மெய்க் கணக்கு. இதுதான் அவர்களுடைய சாஸ்திரம்.

அந்தக் கணக்குக்குச் சீக்கிரமே வேலை வந்தது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் குரல் திடீரென்று தேய்ந்து மறைவதும், சற்றுப் பொறுத்துத் தானாகவே திரும்பி வருவதும் ஏன் என்று அறிய, 1920-ல் அமெரிக்க சர்க்காரின் அளவை நிலையம் அமெச்சூர்களின் உதவியைக் கேட்டது. குறித்த இரவுகளில் சில நிலையங்கள் பேசின. பல ஊர்களில் அமெச்சூர்கள் உட்கார்ந்து ஏற்ற இறக்கத்தைக் குறித்தார்கள். சம்பளம் கொடுத்து இத்தனை ஊரில் இத்தனை காதுகளை வைக்க எந்த சர்க்காராலும் முடியாது. எல்லாக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்ததில் சந்தேகம் மேகத்தை விட்டு, கென்னலியும் ஹெவிசைடும் சொன்ன அந்த உயரத் தளத்தின் மேல் விழுந்தது.

1921 டிசம்பரில் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பியது. ஆர்ட்ராசன் என்ற கடற்கரையூரில், குளிரிலும் ஈரத்திலும் ஒரு கூடாரம் அடித்து, 1,300 அடிக் கம்பியை வெளியில் நீட்டிவிட்டு, இரவெல்லாம் காதைக் கொடுத்து உட்கார்ந்தார். கேவலமான வானிலை, கொள்கைகள் செழித்து வளரத் தகுந்த இடம்! ஆனால் களர் நிலம் விளைந்து விட்டது. 200 மீட்டரை ஒட்டிய அலைகளில் அமெரிக்க அமெச்சூர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். கனெக்டிகட் மாகாணத்துக் கிரீனிச் நகரிலிருந்து முழுச் செய்தியே வந்தது. மார்க்கோனி மூன்று புள்ளிகளைக் கேட்டு அப்போது சரியாக இருபது வருஷம். 1923 நவம்பரில் பிரான்ஸிலிருந்த ஓர் அமெச்சூரும் அமெரிக்காவிலிருந்த அமெச்சூர்களும் சுமார் 110 மீட்டரில் அட்லாண்டிக்கின் குறுக்கே மாறி மாறிப் பேசினார்கள். 1924 அக்டோபரில் நியூஸிலாந்தில் ஆட்டுப் பண்ணையிலிருந்த பிராங்க் பெல் என்பவரும், லண்டன் மில் ஹில் பள்ளிக்கூடத்திலிருந்த கோய்டர் என்ற மாணவரும் பேசிக்கொண்டார்கள். பூமி உருண்டையில் அதற்கு மேல் தூரம் போக இடமில்லை! அதே வருஷம் டிசம்பரில் ஆப்பிள்டன் என்ற விஞ்ஞானி, உயரத் தளம் உண்மைதான் என்று பரிசோதனையால் நிலைநாட்டினார். அதற்காக அவருக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வழக்கு முடிந்தது. தூர தேசத்துப் பேச்சைக் கெடுப்பதும் கொடுப்பதும் பல பத்து மைல் உயரத்திலுள்ள தளம். அதை ஆட்டி வைப்பது சூரியன். 1920-களின் பிற்பகுதியில் பிக்கார்டு என்பவர் சூரியனிலுள்ள கரும்புள்ளிகளுக்கும் ரேடியோக் கேள்விக்கும் சம்பந்தம் இருப்பதைக் காட்டினார். ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் சூரியன் முகத்தில் தேமல் வந்தால், ஹார்ட்போர்டில் ரேடியோ கெடுகிறது என்பதைவிட ஒரு தமாஷ்க் கொள்கையை நான் இயற்றியிருக்க முடியாது. ஆனால் அது நிஜம். பாவம், மேகம்! இடி மின்னலால் வரும் கரகரப்பையும், நனைந்த ஏரியலில் வீணாகும் சக்தியையும் தவிர, மற்றக் குற்றங்களிலிருந்து அதற்கு விடுதலை கிடைத்து விட்டது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நோட்டுப் புத்தகம் முடிய விடவில்லை.

ராஸ் ஹல் என்று ஓர் ஆஸ்திரேலியர், மெல்போர்னைச் சேர்ந்தவர், சங்கத்துப் பத்திரிகையில் வேலைக்கு வந்தார். 1934-ல் அவர் ஹார்ட்போர்டு அருகிலிருந்து 5 மீட்டர் அலையில், ஒரே திசையை நோக்கும் ஏரியல் வைத்துக்கொண்டு, சுமார் 100 மைல் தூரத்திலுள்ள பாஸ்டன் பக்கத்து அமெச்சூர்களுடன் பேசினார். இது நடக்கக் கூடாத காரியம். இத்தனை சிறிய அலை வெளிச்சத்தைப் போல நேர்க்கோட்டில் போகும். உயரத் தளத்தில் பட்டாலும் திரும்பாமல் ஊடுருவி வெளியே போய் விடும். ஆகவே அடிவானத்தோடு அதன் ஆயுள் முடிந்தது என்பது அப்போதைய வேதவாக்கு. ஆனாலும் பேச்சு வந்தது. ஒரு நாள் பலமாக வந்தது. ஒரு நாள் வரவேயில்லை. கரும்புள்ளிக் கணக்கோடு ஒத்துப் போகவில்லை.

ஹல் என்ன செய்தார்? மாதக் கணக்கில் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்தார். பிறகு அந்தப் பதிவை, மேல் காற்றின் வெப்ப அளவுகளோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஜோடியாக நடந்தன. சாதாரணமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். சில இரவுகளில் தரை சீக்கிரம் ஆறி, அதையொட்டிய காற்று குளிர்ந்து, வெதுவெதுப்பான காற்று அதன் மேல் போர்வை போலப் படுத்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் ரேடியோ அலை நேரே போகாமல் பூமியின் பக்கம் வளைகிறது. அடிவானத்தைத் தாண்டிப் போகிறது. 1935-லும் 1937-லும் அவர் இதைப் பத்திரிகையில் எழுதினார். வானிலைதான்! முப்பது வருஷமாக எல்லோரும் சிரித்த பழைய குற்றவாளியேதான்! மேகம் அல்ல, மழை அல்ல. கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு காற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கும் விதம்.

அதன் பலனை முழுவதும் பார்க்க ஹல் இருக்கவில்லை. 1938 செப்டம்பரில், தம் வீட்டில் டெலிவிஷன் கருவி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பலத்த மின்சாரம் தாக்கி இறந்து போனார். ஆகாயத்தில் எத்தனையோ மைல் தூரத்து ரகசியத்தைக் கண்டுபிடித்தவரை, கை எட்டும் தூரத்திலிருந்த ஒரு கம்பி கொண்டு போய்விட்டது.

ஆனால் கணக்கு நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் பம்பாயில் வைத்திருந்த ராடார் கருவியில், கோடை நாட்களில், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரை தெரிந்தது. தென்மேற்குப் பருவமழை வந்ததும் தெரியாமல் போயிற்று. ஹல் சொன்ன அதே காற்றுப் போர்வை, இம்முறை கடலின் மேல். 1957 ஜூலையில் கலிபோர்னியாவிலும் ஹவாய்த் தீவிலும் இருந்த இரண்டு அமெச்சூர்கள் 2 மீட்டர் அலையில், சுமார் 2,500 மைல் கடலைத் தாண்டிப் பேசினார்கள். நம் பக்கத்திலும் இதன் சாட்சிகள் ஏராளம். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி டெலிவிஷன் ஆரம்பமான பிறகு, தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் எத்தனை மொட்டை மாடிகளில் எத்தனை உயரமான ஏரியல்கள் முளைத்தன! ஒரு நாள் படம் கண்ணாடி போலத் தெரியும். மறுநாள் எள்ளைக் கொட்டினாற்போல் புள்ளி மயம். மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருவர் "வந்துடுத்து, வந்துடுத்து... ஐயோ, போச்சு!" என்று நேர்முக வர்ணனை செய்வார். "இன்றைக்குக் காற்று சரியில்லை" என்று வீட்டுப் பெரியவர் தீர்ப்புச் சொன்னால், படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஹல் சொன்னதுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. பெரியவரிடம் நோட்டுப் புத்தகம் இல்லை.

அமெச்சூர்கள் இவ்வளவுக்குப் பிறகும் தங்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. 'கியூ.எஸ்.டி.'யின் ஏப்ரல் இதழ்களில் 'லார்சன் ஈ. ராப்' என்ற நிபுணர் ஒருவர் அபூர்வமான கண்டுபிடிப்புகளை விளக்கி எழுதுவது உண்டு. அந்தப் பெயரைச் சேர்த்து வேகமாகச் சொன்னால், இங்கிலீஷில் 'திருட்டு வழக்கு' என்று காதில் விழும். அவருடைய அழைப்புக் குறி 'டபிள்யூ.ஐ.ஓ.யு.', முதல் எழுத்தை விட்டுவிட்டுப் படித்தால் 'உமக்கு நான் கடன்காரன்' என்று பொருள். ஏப்ரல் முதல் தேதிக்கு வேறு என்ன வேண்டும்?

சிரிக்கத் தெரிந்தவனுக்குத்தான் கொள்கையை விட்டுவிடத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீள அலைதான் தூரம் போகும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்ன நிபுணர்கள், சட்டமே செய்து, நல்ல நிலத்தை வெளியே தள்ளினார்கள். புள்ளிகள் மழையில் நனைகின்றன என்ற ரகத்தில் அளந்துகொண்டிருந்தவர்கள் அதில் பயிர் செய்து உலகத்தைச் சுற்றினார்கள். பொய்யைச் சொல்லிச் சிரித்ததால் அல்ல. சிரித்து முடித்த பிறகு மணியைப் பார்த்து எழுதி வைத்ததால்.

ஆகவே, இனிமேல் யாராவது தங்களிடம் வந்து வானிலையின் மேல் பழி போட்டால் உடனே மறுக்க வேண்டாம். சாவதானமாகக் கேளுங்கள்: "எந்தத் தேதி? எத்தனை மணிக்கு? எழுதி வைத்திருக்கிறீரா?" எழுதி வைத்திருந்தால் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, முழுவதும் கேளுங்கள். எழுதி வைக்கவில்லையென்றால் காபி மட்டும் போதும்.